ரெண்டு இஞ்சு லூஸும் ஐந்தரை லாரி மண்ணும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை மின்சார பில் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. தெருவுக்கு அவர் ரெண்டிஞ்சு. முகத்துக்கு நேரே "டெய்லரே", முதுகு திரும்பினால் வெறும் ரெண்டிஞ்சு. யார் வந்து எந்த அளவைக் கொடுத்தாலும் அதோடு இரண்டு இஞ்சு லூஸ் சேர்த்துத்தான் வெட்டுவார். "உடம்பப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும் டெய்லரே" என்று கெஞ்சுகிற இளவட்டத்துக்கும் இரண்டு இஞ்சு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெரிய மனுஷருக்கும் இரண்டு இஞ்சு. "இன்னிக்கு இப்படி இருக்க, நாளைக்கு ஒரு சுத்து பெருக்க மாட்டியா?" என்று எதிர்க் கேள்வி வேறு. முப்பத்தெட்டு வருடமாக அந்தத் தெருவே கொஞ்சம் தொளதொளவென்றுதான் நடமாடியது.

துணிக்கு அது சரி. யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் அந்த இரண்டு இஞ்சைக் கொண்டுபோய் மண்ணுக்கு விட்டார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் வீட்டம்மா, பின்பக்கத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விழுந்த இடத்திலிருந்தே "ஏங்க, ஏங்க" என்று கால்மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். டெய்லரோ முன்னறையில் மிஷினை ஓட்டிக்கொண்டு, ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, யாருடைய பேண்ட்டுக்கோ இரண்டு இஞ்சு லூஸ் விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழவே இல்லை. பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் போன பால்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, பதறியடித்துச் சுற்றி ஓடிவந்து, முன்வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் மிஷின் நின்றது.

அதற்காக வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனுஷன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் மறந்திருப்பார். திட்டாமல் விட்டதுதான் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அழவும் தெரியாது. ஆகவே அளக்க ஆரம்பித்தார்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். சமையலறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஆறு இஞ்சு உயரத்துக்கு ஒரு படி. அப்புறம் முப்பதடி நீளம், இருபதடி அகலத்துக்குப் பின்பக்கம். சக்கர நாற்காலியில் வரப்போகிறவருக்கு ஆறு இஞ்சுப் படியும் ஒன்றுதான், மதில் சுவரும் ஒன்றுதான். அந்தப் பள்ளம் முழுவதையும் ஜல்லி போட்டு, அதன்மேல் நல்ல மண் போட்டு, கதவின் மட்டத்துக்கு நிரவிவிட்டால்? கதவைத் திறந்தால் நாற்காலி நேரே தோட்டத்துக்குள் உருண்டு போகும். பாசியும் கிடையாது, வழுக்கலும் கிடையாது. துவைக்கிற கல்லைப் பெயர்த்து எறிந்தாயிற்று. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் முடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வீட்டம்மா படுத்திருந்தது எட்டுக் கட்டில் போட்ட வார்டு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டெய்லர் போய்க் கட்டிலோரம் உட்காருவார். வீட்டம்மா பேசப் பேச, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார்.

"மூணாம் பெட்டு அக்கா இருக்காங்கல்ல, அவங்க மருமக நேத்து வந்தா. கையில ஒரு ஆரஞ்சு. ஒண்ணே ஒண்ணுங்க. அதையும் அவளே உரிச்சு, அவளே தின்னுட்டு, தோலை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டா."

"ம்."

"அவங்க அழுவாங்கன்னு பாத்தா, 'தோலாவது வச்சாளே புண்ணியவதி'ங்கறாங்க. எட்டு பேரும் சிரிச்ச சிரிப்புல நர்சம்மா ஓடியாந்துட்டாங்க. எனக்கு இடுப்புல வச்ச கம்பி கழண்டுடுமோன்னே பயம் வந்துருச்சு."

"ம். முப்பதுக்கு இருபது."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப நான் சொன்னதக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஆரஞ்சு வேணும்ங்கற. நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

வீட்டம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வீட்டுக்கு வந்ததும் என்னை உள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சிராதீங்க. ஆறு வாரம் படுத்தாச்சு. வெளிய உக்காரணும் எனக்கு" என்றார்.

டெய்லருக்கு நெஞ்சு விம்மியது. பாவம், இந்த எட்டுக் கட்டில் இரைச்சலில் கிடந்து எப்படித் தவித்துப் போயிருக்கிறாள்! அமைதியாக, தனியாக, நாலு செடிக்கு நடுவே உட்கார மனசு எப்படி ஏங்குகிறது! "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். இந்த வாக்கியத்தை டெய்லர் எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறாரோ அப்போதெல்லாம் வேறு யாராவதுதான் பார்த்துக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். மகளுக்கு அம்மாவின் முகம், அம்மாவிடம் இல்லாத வாய். மருமகன் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் இரண்டு இஞ்சு லூஸ் விட்டால் பேப்பரில் படத்தோடு வரும். ஆகையால் அவர் பேச்சும் அளவாக இருக்கும், கணக்கும் அளவாக இருக்கும்.

டெய்லர் தன் அறுபது இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, குனிந்து குனிந்து, சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து, பின்பக்கத்தின் நீளத்தை ஆறு தவணையில் அளந்துகொண்டிருந்தார். மருமகன் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து ஒரே இழுப்பில் இழுத்தார்.

"முப்பதுக்கு இருபது, அறுநூறு சதுர அடி. ஆழம் ஆறு இஞ்சு, அதாவது அரை அடி. ஆக முந்நூறு கன அடி. கொட்டினப்புறம் மண்ணு அமுங்கும் மாமா, அதுக்குப் பத்து சதவீதம் சேத்தா முந்நூத்தி முப்பது. லாரிக்கு நூறு கன அடி பிடிக்கும். மூணு லாரி, கொஞ்சம் கொசுறு. அவ்வளவுதான்."

"லூஸ் எங்க?" என்றார் டெய்லர்.

"மண்ணுக்கு எதுக்கு மாமா லூஸ்?"

"துணிய நனைச்சா சுருங்குது. மண்ணு மேல மழை பெஞ்சா சுருங்காதா?"

"அதுக்குத்தான் பத்து சதவீதம் போட்டேனே."

"சதவீதமெல்லாம் பேங்க்காரனுக்கு மாப்பிள்ளை. டெய்லருக்கு இஞ்சுதான்."

மகள் சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, பேசாம அவர் சொல்ற அளவுக்கு வாங்குங்க. நீங்க தைச்ச என் ஸ்கூல் யூனிஃபார்ம்ல நானும் என் ஃப்ரெண்டும் ஒண்ணாப் போகலாம்."

"அத எட்டாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் போட்டியா இல்லையா?" என்றார் டெய்லர்.  மகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் டெய்லர் தன் கணக்கைத் தானே போட்டார். நீளத்துக்கு இரண்டு இஞ்சு லூஸ், அகலத்துக்கு இரண்டு இஞ்சு லூஸ். அதில் ஒரு பாதகமும் இல்லை. முப்பதடியில் இரண்டு இஞ்சு எந்த மூலைக்கு? அப்புறம் ஆழத்துக்கு வந்தார். அடியில் போடுகிற ஜல்லி லைனிங் துணி மாதிரி, இரண்டு இஞ்சு கனம் போதும். லூஸ் இரண்டு, ஆக நாலு. மேலே போடுகிற மண் மேல்துணி மாதிரி, நாலு இஞ்சு கனம். லூஸ் இரண்டு, ஆக ஆறு. அட மனுஷா, இரண்டோடு இரண்டைச் சேர்த்தால் அதற்குப் பெயர் லூஸ் இல்லை, இரட்டிப்பு என்று சொல்ல அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. ஆறு இஞ்சுப் பள்ளத்துக்குப் பத்து இஞ்சுக்குச் சரக்கு எழுதினார். பெருக்கிப் பார்த்தால் ஐந்நூற்று ஏழு கன அடி வந்தது.

மருமகன் சொன்னது முந்நூற்று முப்பது, தனக்கு வந்தது ஐந்நூற்று ஏழு, இடையில் இத்தனை வித்தியாசம் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பேனா தயங்கத்தான் செய்தது. "அவர் டைட் ஃபிட்டிங் பேர்வழி" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். துணி மிஞ்சினால் தலையணை உறை தைக்கலாம். குறைந்தால் தலைகுனிவுதான், வெட்டின துணி வளராது. அதுவும் இது அவளுக்கு. ஒரு தடவை கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருந்தாயிற்று. இந்த விஷயத்தில் ஒரு கைப்பிடி மண்கூட அவளுக்குக் குறையக் கூடாது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கரித்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். அளந்துதான் போட்டார். அளந்த கை டெய்லர் கை, அது யார் குற்றம்?

திங்கட்கிழமை மண் டிப்போவுக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணுக்கு வாய் மிஷினை விட வேகம்.

"சொல்லுங்க சார், என்ன வேணும், எவ்வளவு வேணும்?"

"ஜல்லி இருநூத்தி மூணு. தோட்டத்து மண்ணு முந்நூத்தி நாலு."

"கன அடிதான சார்? அமுங்கறதுக்குச் சேத்துட்டீங்களா?"

"நான் ரெண்டிஞ்சு விட்டிருக்கேம்மா."

"ரெண்டிஞ்செல்லாம் எனக்குத் தெரியாது சார். எதுக்கும் பத்து சதவீதம் நான் போட்டுக்கறேன். எல்லாரும் கரெக்டா கேட்டு வாங்கிட்டு, அப்புறம் பத்தலன்னு எங்களத்தான் திட்டுறாங்க."

டெய்லருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு ஜீவன்! "போடும்மா, தாராளமா போடு" என்றார்.

"பின்பக்கம் லாரி போகுமா சார்?"

"போகாது. பக்கத்துச் சந்து மூணடிதான்."

"அப்ப முன்வாசல்ல கொட்டிட்டுப் போயிடுவோம். ஆள் வச்சு அள்ளிக்குங்க. கொட்டினதத் திருப்பி எடுக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்."

"திருப்பி எதுக்கும்மா?" என்று சிரித்தார் டெய்லர். நல்லாச் சிரித்தார்.

வியாழக்கிழமை ஜல்லி வந்தது. வாரிப்போட அண்ணன், தம்பி என்று இரண்டு பேர் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு வந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்து வழியே கடகடவென்று வண்டி போய்ப் போய் வந்தது. மத்தியானத்துக்கு மேல் அண்ணன்காரர் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஐயா, ஜல்லி போதும் போல இருக்கே."

"அளந்து வாங்கினது. மிச்சம் வைக்காம போடு."

போட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் பள்ளம், அவர்களுக்கு என்ன வந்தது?

வெள்ளிக்கிழமை காலை மண் வந்தது. மூன்று லாரி வந்து கொட்டியது, நாலாவது ஒன்று வந்து கொசுறு கொட்டியது. முன்வாசல் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே பதினைந்தடி இடம். அது முழுக்க மண். சட்டை வாங்க வந்த ஒருவர் கேட்டிலேயே நின்று, "அடுத்த வாரம் வரேன்" என்று போய்விட்டார். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன டெய்லரே, மலைய வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். டெய்லர் பெருமையாகக் கையை ஆட்டினார்.

பதினோரு மணிக்கு அண்ணன்காரர் மறுபடி வந்து நின்றார்.

"ஐயா, பின்னாடி முடிஞ்சுது."

"அதுக்குள்ளயா? பலே!"

"முன்னாடி முடியல."

டெய்லர் எட்டிப் பார்த்தார். முப்பத்துச் சொச்சம் வண்டி வாரிக்கொண்டு போயும் மலை, மலையாகவே நின்றது. மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

"அதையும் பின்னாடி போட வேண்டியதுதானே?"

"போடலாங்க. போட்டா மண்ணு கதவத் தாண்டி அடுப்படிக்கு வந்துரும். பரவால்லையா?"

டெய்லர் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். மண் கதவின் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. ஸ்கேலைக் குத்தினார். இரண்டு இஞ்சு இறங்கியதும் 'டக்' என்று ஜல்லியில் இடித்தது. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் 'டக்'. மேல்துணி இரண்டு, லைனிங் நாலு. முப்பத்தெட்டு வருடத் தொழிலில் துணியை விடத் தடிமனாக லைனிங் வைத்துத் தைத்தது அதுதான் முதல் தடவை. அவர் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். லூஸ் விட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எங்கே போயிற்று புத்தி என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் மறுநாள் வேறு வேலை ஒப்புக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். டிப்போப் பெண் சொன்ன சொல் மாறவில்லை. அக்கம் பக்கத்தில் மண் வேண்டுமா என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா பெரிய மனசு பண்ணி நாலு வாளி எடுத்துக்கொண்டார். நாலு வாளி!

சாயங்காலம் மகள், அம்மாவுக்குப் புதுப் போர்வையும் தலையணையுமாக வந்தவள் கேட்டைத் திறக்கப் பார்த்தாள். பாதிதான் திறந்தது. ஒருக்களித்து நுழைந்து, சந்து வழியே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, என்ன இது?"

"கொஞ்சம் மிஞ்சிப் போச்சு."

"இதுவா கொஞ்சம்? பின்னாடி போய்ப் பாத்தேன், கால வச்சா ஜல்லி குத்துது. அதுல புல்லு முளைக்குமா, முடி முளைக்குமா? சரி, அத விடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு அம்மா வருவாளே, எப்படி உள்ள வருவா?"

 அந்தக் கேள்வி அதுவரை டெய்லருக்குத் தோன்றவே இல்லை. மனைவியை வெளியே உட்கார வைக்கப் புறப்பட்டவர், அவர் உள்ளே வருகிற வழியை அடைத்து வைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்குகூட இல்லை, வெறும் மண்.

"ஆறு வாரமா அந்த நாளுக்காகத்தான் அவ காத்துக்கிட்டு இருக்கா" என்றாள் மகள். அதற்குமேல் அவளுக்கும் திட்ட வரவில்லை. அப்பாவின் முகம் அப்படி இருந்தது.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் டெய்லர், மகள், மருமகன் மூன்று பேரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மருமகன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் டெய்லர் சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருப்பார். நல்ல மருமகன் வாய்ப்பதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மருமகன் நிமிர்ந்து, மண்ணை ஒரு தடவை பார்த்தார், கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"மாமா, பதினோரு மணிக்குள்ள இத எடுக்க முடியாது. எடுக்க வேணாம். பரத்தி விட்டு, மிதிச்சு அமுக்கலாம். ரெண்டடி உயரத்துக்கு வந்துரும். இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை போட்டா, நாற்காலிய ஏத்தி இறக்கிடலாம். அகலமான பலகை இருக்கா?"

டெய்லர் உள்ளே போனார். துணி வெட்டுகிற மேஜையின் மேலிருந்ததையெல்லாம் தரையில் இறக்கி வைத்தார். திருப்புளியை எடுத்து மேல்பலகையைக் கழற்ற ஆரம்பித்தார். கல்யாணமான வருடம் வாங்கிய பலகை அது. அதன்மேல் யாராவது டீ டம்ளரை வைத்தால்கூடக் கத்துவார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் போட்டு, "இன்னொண்ணு அதே நீளத்துல வேணும்னா ரூம் கதவக் கழட்டிக்கலாம்" என்றார். மகள் மண்ணை மிதிக்கப் போய்விட்டாள்.

மாமனாரும் மகளும் மருமகனும் வரிசையாக நின்று மண்ணைத் தொம் தொம்மென்று மிதித்ததைத் தெருவே நின்று பார்த்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை.

பதினொன்றே காலுக்கு ஆஸ்பத்திரி வேன் வந்தது. டிரைவர் வீட்டம்மாவை நாற்காலியோடு இறக்கிவிட்டு, முன்னால் இருந்ததை மேலும் கீழும் பார்த்தார். "என்னை வீட்டு வாசல்ல இறக்கச் சொன்னாங்க. இதுல வாசல் எங்க இருக்கு?" என்றார்.

வீட்டம்மா இளைத்திருந்தார். கண் மட்டும் பழைய கண். "என்னங்க இது?" என்று கேட்டார்.

"அது வந்து… மண்ணு."

"மண்ணுன்னு தெரியுது."

"மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கிட்டா வீடு" என்றார் டெய்லர். ஊருக்கு வழி சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

மருமகன் பின்னாலிருந்து தள்ள, மகளும் டெய்லரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, "இது என் வேலையில்ல, தெரிஞ்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே டிரைவரும் ஒரு கை கொடுக்க, நாற்காலி பலகையில் ஏறியது. உச்சிக்கு வந்ததும் வீட்டம்மா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க."

"வலிக்குதா?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இல்ல. சும்மா இருங்க."

அங்கிருந்து பார்த்தால் மதில் சுவர் முட்டிக்குக் கீழே போய்விட்டது. தெரு முழுக்கத் தெரிந்தது. மூலையில் சைக்கிள் கடைக்காரர் யாருடனோ டியூபைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் வீட்டு வாசலில் யாரோ கட்டிலைக் கொண்டுவந்து போட்டு மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றினார்கள். வீட்டம்மா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே மாடியில் அக்கா நின்றிருந்தார்.

"அக்கா! முட்டி வலி எப்படி இருக்கு?"

"வந்துட்டியா என் ராசாத்தி! முட்டி கெடக்குது கழுத. ஒனக்கு எத்தன கம்பி வச்சாங்க?"

"மூணு!"

"எனக்கு ரெண்டுதான். என்னை விட நீ ஒசத்தி!"

அங்கேயிருந்தும் இங்கேயிருந்தும் பத்து நிமிடம் பேச்சு பறந்தது. மூன்றாம் பெட்டு ஆரஞ்சுக் கதை முழுவதும் போயிற்று. அக்கா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த டெய்லரின் கை மரத்துப்போயிற்று. அந்தக் கதையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

"போலாமாம்மா?" என்றார் மெதுவாக. "பின்னாடி உனக்குன்னே தோட்டத்துக்கு இடம் பண்ணியிருக்கேன். கதவு மட்டத்துக்கு நிரவியாச்சு. நாற்காலி நேரா போகும். இனிமே வழுக்காது. யார் தொந்தரவும் இல்லாம தனியா உக்காந்துக்கலாம்."

"பின்னாடியா?"

"ஆமா. வெளிய உக்காரணும்னு சொன்னியே."

 வீட்டம்மாவின் குரலில் கோபம் இல்லை.

"முப்பத்தெட்டு வருஷமா நான் பின்னாடிதாங்க இருந்தேன். துவைச்சதும் அங்க, தேச்சதும் அங்க. பாத்ததெல்லாம் ஒரு குழாய், ஒரு சுவரு. நீங்க முன்னாடி மிஷின்ல உக்காந்து தெருவப் பாப்பீங்க. சோத்துக்கு வரும்போது, இன்னார் வந்தாங்க, இன்னார் போனாங்கன்னு சொல்வீங்க. அதுதான் எனக்குத் தெரு. விழுந்ததும் அங்கதான். கூப்பிட்டதும் அங்கயிருந்துதான். யாருக்குக் கேட்டுச்சு?"

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். டெய்லர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"எனக்குக் கேக்கல" என்றார். "கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

தெரு பார்க்க, டிரைவர் பார்க்க, மருமகன் பார்க்கச் சொன்னார். குரல் உடைந்ததை மறைக்கவும் இல்லை.

வீட்டம்மா அவர் கையின்மேல் தன் கையை வைத்தார். 

"சரி, விடுங்க. இந்த மண்ண எங்கயும் எடுத்துட்டுப் போகாதீங்க. இங்கயே நல்லா நிரவிக் குடுங்க. நான் இங்கதான் உக்காருவேன். கத்தினா தெருவுக்கே கேக்கும்."

டெய்லர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு அகலம் வேணும், சொல்லு" என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் அளவு கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாற்காலி ரெண்டு போடற அளவுக்கு."

"ரெண்டா?" டெய்லருக்கு முகம் சிவந்துவிட்டது. ஓரக்கண்ணால் மருமகனைப் பார்த்துக்கொண்டார். "இந்த வயசுல ரெண்டு பேரும் தெருவுல ஜோடியா உக்காந்தா நாலு பேரு என்ன…"

"எந்த ரெண்டு பேரும்? இன்னொண்ணு அக்காவுக்கு" என்றார் வீட்டம்மா. "உங்களுக்குத்தான் உள்ள மிஷின் இருக்கே."

வேன் டிரைவர் பக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் பாசாங்கு செய்தார். எதிர்வீட்டு அக்கா அதற்குள் மாடியிலிருந்து இறங்கி, ஒரு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். டெய்லர் மண்வெட்டியை எடுத்தார்.